இரண்டரை வருஷம் தூங்கிய கண்டன்சர்

ஒரு சாமானைப் பூட்டி வைத்தால் அது கெடாது என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்த மகானை நான் ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். பதினோரு வருஷமாக உத்திரமேரூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறேன். வேதகிரி என்றால் தெரியும். பாடிப் பாடித் தேய்ந்து என் கடைக்கு வந்த ரேடியோவை விட, பாட விடாமல் வைத்துக் கெட்டுப்போய் வந்த ரேடியோதான் அதிகம். சீர்வரிசையில் வந்ததை மாப்பிள்ளை வீட்டார் துணி போட்டு மூடி வைப்பார்கள். விருந்தாளி வந்தால் துணியை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப மூடுவார்கள். அப்புறம் ஒருநாள் திடீரென்று ஞானோதயம் வந்து போடுவார்கள், அது புகைந்துபோகும். உடனே வண்டி கட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "இன்னாய்யா, புது ரேடியோ இப்பிடிப் பண்ணிடுச்சி?" என்று ஏதோ நான்தான் உள்ளே புகுந்து கொளுத்தினது போலக் கேட்பார்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பெருநகருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என் கடைக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை நடந்தே வந்து என் கடை வாசலில் நின்றாள். நாற்பது வயது இருக்கும். உள்ளே வா என்று சொன்ன பிறகும் வாசலிலேயே நின்றாள்.

"இன்னாம்மா, ரேடியோ எங்க?"

"எங்கிட்ட ஏதுங்க ரேடியோ? பஞ்சாயத்து ரேடியோ கீதுங்களே, எங்க ஊர்ல, அது."

கடையில் எந்தச் சாமான் வந்தாலும் முதலில் பெயர் எழுதி ஒரு சீட்டு கட்டுவது என் பழக்கம். சாமான் இல்லாவிட்டாலும் பென்சில் தானாகக் கைக்கு வந்துவிட்டது. பேர் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்த்தாளுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். ஆவணியில் அந்த ஊரில் நடவு நடந்தபோது, சென்னை வானொலியிலிருந்து கிராம நிகழ்ச்சிக்காரர்கள் வந்து, சுற்றுகிற நாடாப் பெட்டியில் நடவுப் பாட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முன்பாட்டு பாடினவள் இவள். கண்ணாடி போட்ட ஒருவர் இவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, ரேடியோவில் உங்கள் பெயரைச் சொல்லுவோம் அம்மா என்றிருக்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இப்போது கார்டு வந்திருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்தப் பாட்டு. ஊரில் இருப்பது ஒரே ரேடியோ. அது கரண்டு வந்த வருஷம் சர்க்கார் கொடுத்தது. வந்த நாளிலிருந்து பஞ்சாயத்து அறையில் பூட்டிக் கிடக்கிறது.

"பெருநகர் டீக்கடையில ரேடியோ கீதேம்மா. மூணு மைலு. நடந்து போய்க் கேட்டுட்டு வர்றதுதானே?"

"அங்க கேட்டு இன்னாங்க பண்றது? எங்க ஊர்ல கேக்கணும். கண்ணாலம் கட்டிகினு வந்து இருவது வருசமாச்சிங்க. அவங்க கயனியிலதான் நடவு, களை, அறுப்பு எல்லாம். இந்தா, ஏ, ஞானதாஸ் பொஞ்சாதி, இத்தத் தவிர ஒருத்தர் வாயிலயும் வேற வந்தது கெடையாது. ரேடியோ எம் பேரச் சொல்லட்டும். அவங்க காதுல வுழட்டும்."

எனக்குக் கோபம் வருகிற வேகத்தில் இரக்கம் வராது. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்து தொலைத்தன. சரி போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் கேட்டது ஒரு பூட்டைத் திறக்க. அவளுக்குத் தெரியாத இன்னொன்று எனக்குத் தெரியும். இரண்டரை வருஷம் கரண்டு காணாத ரேடியோவைத் திறந்து அப்படியே போட்டால், அவள் பெயர் வராது, புகைதான் வரும்.

அன்று மத்தியானமே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் பஞ்சாட்சரத்தைப் பார்த்தேன். அறுபது காணி நிலம், நல்ல உடம்பு, எப்போதும் இடுப்பில் சாவிக்கொத்து. ரேடியோவை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், மந்திரி வந்துதான் ஆரம்பித்து வைக்க வேண்டுமாம். மந்திரிக்கு மனுப் போட்டிருக்கிறாராம். மந்திரிக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

நேராகப் பேசினால் நடக்காது என்று தெரிந்தது. "நாளைக்கு உங்க ஊர் பேரு ரேடியோவில வருது, தெரியுமா?" என்றேன்.

"மெய்யாவா? எம் பேரு?"

"வராம? உங்க கயனியிலதானே பாட்டப் புடிச்சாங்க."

கூசாமல் பொய் சொன்னேன். வாயெல்லாம் பல்லாகிவிட்டது அவருக்கு. "ஆமாய்யா! நாந்தான் அவங்களுக்கு எளநி வெட்டிக் குடுத்தேன்!" என்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். மந்திரி வரும்போது முறைப்படி ஆரம்பம், நாளைக்குச் சும்மா ஒரு வெள்ளோட்டம் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு அலமாரி திறந்தது. ரேடியோ வேட்டியில் சுற்றி இருந்தது. அவிழ்த்தால் நெற்றி முழுக்கச் சந்தனம், குங்குமம், காய்ந்துபோன சாமந்தி மாலை. மூன்று ஆயுத பூஜை பார்த்திருக்கிறது. வருஷா வருஷம் பூஜை உண்டு, பொரிகடலை உண்டு, கரண்டு மட்டும் கிடையாது.

"பாத்தீங்களா, புத்தம் புதுசு," என்றான் பஞ்சாயத்துச் சிப்பந்தி பெருமாள். "ஒரு நாள்கூடப் போடலியே. இப்பவே போட்டுப் பாக்கலாமா?" என்று பிளக்கைக் கையில் எடுத்துவிட்டான். நான் கத்தின கத்தலில் அதைக் கீழே போட்டான்.

"போட்டா வெடிக்கும்!"

"புதுசு எப்பிடிய்யா வெடிக்கும்?" என்றார் பஞ்சாட்சரம். "பேஜார் பண்ணாத."

பின்பக்கத்துப் பலகையைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே ஒரு சின்ன அலுமினியக் குவளை கவிழ்த்து வைத்தது போல நின்றது. கண்டன்சர் என்றேன். கம்பியில் வருகிற கரண்டு முன்னும் பின்னும் மாறி மாறி அடிக்கிற கரண்டு. வால்வு அதை ஒரே பக்கமாகத் திருப்பிவிட்டாலும் விட்டு விட்டுத்தான் வரும். உங்கள் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது சால் மேலே வந்து குபுக்கென்று கொட்டுகிறது, மாடு பின்னுக்கு வருகிறவரை ஒன்றும் இல்லை. ஆனால் கிணற்று மேட்டில் ஒரு தொட்டி கட்டிவிட்டால் கால்வாயில் தண்ணீர் சீராக ஓடுகிறதா இல்லையா? இது அந்தத் தொட்டி. இது சரியில்லாவிட்டால் பாட்டுக்குப் பதிலாக உர்ர் என்று உறுமல்தான் கேட்கும்.

"தொட்டி புரிஞ்சிது. சும்மா கீற தொட்டி எப்பிடிக் கெடும்?"

கேள்வி நல்ல கேள்விதான். பதில் சொல்வதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. குவளைக்குள்ளே இரண்டு அலுமினியத் தகடு, காகிதத்தை விட மெல்லிசு, பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருக்கும். நடுவில் ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறின காகிதம். ஒரு தகட்டின் மேல் மட்டும் கண்ணுக்கே தெரியாத ஒரு தோல். அந்தத் தோல்தான் கரண்டைத் தாண்டிப் போகவிடாமல் தடுத்துத் தேக்குகிறது. அந்தத் தோலை வளர்ப்பதும் கரண்டுதான். அடிக்கடி கரண்டு கொடுத்தால் தோல் பழுதில்லாமல் இருக்கும். கொடுக்காமல் வைத்தால் அந்த மருந்துத் தண்ணீரே தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். அரித்துப்போன தோலின் மேல் எடுத்த எடுப்பில் முந்நூறு வோல்ட்டை ஏற்றினால் தண்ணீர் கொதித்து, ஆவி முட்டி, குவளை வெடிக்கும்.

பஞ்சாட்சரம் மீசையைத் தடவினார். "தெனம் போட்டிருந்தா?"

"கெட்டிருக்காது."

"போடாததால கெட்டுச்சின்ற."

"ஆமா."

"போட்டா தேயும், போடலைனா கெடும்னா, மனுசன் இன்னாதான்யா பண்றது?"

லைசென்ஸ் தகராறில் ஒன்றரை வருஷம் மூடிக் கிடந்த டூரிங் டாக்கீஸ் ஒன்றின் கதையைச் சொன்னேன். திறந்த அன்றைக்கே படத்தில் சண்டை வருவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயரில் சண்டை வந்து, டப்பென்று கண்டன்சர் வெடித்து, காகிதச் சுருளும் தகட்டுத் துணுக்கும் ஆபரேட்டர் தலையில் மாலை மாலையாக விழுந்தன. பிளஸ், மைனஸ் முனையை மாற்றிக் கொடுத்தாலும் இதே கதிதான். மைக் செட்டுக்காரனைக் கேளுங்கள், ரேடியோக்காரனைக் கேளுங்கள், இந்தக் குவளையிடம் அடி வாங்காதவன் தொழிலில் கிடையாது. புதுசு ஒன்று மாற்றலாம் என்றால் மெட்ராஸ் போக வேண்டும். அங்கே கடை அலமாரியில் அது எத்தனை வருஷம் தூங்கியதோ.

வழி ஒன்று இருக்கிறது. தோலைத் திரும்ப வளர்க்கலாம். பாட்டரி ரேடியோவுக்குப் போடும் தொண்ணூறு வோல்ட் பாட்டரி மூன்று கொண்டுபோயிருந்தேன். கண்டன்சரின் ஒயரை ரேடியோவிலிருந்து பிரித்து, நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டு, முதலில் ஒரே ஒரு பாட்டரியைக் கொடுத்தேன். மீட்டர் முள் விருட்டென்று ஏறியது. அவ்வளவு கசிவு. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோல் வளர வளர முள் இறங்கும், காய்ச்சல் இறங்குகிற மாதிரி. இறங்கினதும் இரண்டாவது பாட்டரி, அப்புறம் மூன்றாவது. ஆறு மணி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆறரைக்குப் பாட்டு.

ஒரு மணிக்குப் பெருமாள் வந்து, "கரண்டு ரேடியோவுக்கு எதுக்குங்க பாட்டரி? ரேடியோவில இருக்கற சத்தைப் பாட்டரிக்கு இஸ்துக்கிறீங்களா?" என்றான். இரண்டு மணிக்கு பிரசிடெண்ட் வந்து, "இன்னா, சும்மாவே குந்திகினு கீற?" என்றார். மூன்று மணிக்கு அதையே இன்னொரு தடவை கேட்டார். வேலை செய்கிறவன் வேர்த்து வடிய வேண்டும், சுத்தியலால் எதையாவது தட்ட வேண்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்கள் கணக்கில் அது வேலையே இல்லை.

நாலரைக்கு இரண்டாவது பாட்டரியில் முள் அடங்கியது. மூன்றாவதை இணைத்தேன். நாலே முக்காலுக்குத் தேங்காய், கற்பூரம், மாலை, பின்னால் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேருடன் பஞ்சாட்சரம் வந்தார்.

"நல்ல நேரம் வந்துடுச்சி. அஞ்சே முக்காலோட போயிடும். வுடு, நான் திருப்பறேன்."

"ஐயா, இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆவும்!"

"ஒண்ணரை மணி நேரம் கயிச்சிப் போட்டா நல்ல நேரம் ஏதுய்யா? முதல் முதல்ல வெளக்கு எரியறது நல்ல நேரத்துல எரியணும். இத்தினி நாள் பொறுத்ததே அதுக்குத்தானே?"

ஒன்றரை மணி நேரம் பொறுக்க முடியாது, இரண்டரை வருஷம் பொறுக்கலாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாலை ஓரத்தில் காலனிப் பெண்கள் களை பறித்த காலோடு வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் பஞ்சாயத்துக் கட்டடத்தின் மூன்று படியை ஏறுவது வழக்கமில்லை. முன்னால் மார்த்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைகுறைத் தோலோடு கண்டன்சரை மாட்டி இந்த மனிதர் இப்போது குமிழைத் திருப்பினால் அவளுக்கு எல்லாம் முடிந்தது.

அப்போதுதான் என் டார்ச் லைட்டின் நினைப்பு வந்தது. அதிலிருந்த பாட்டரிக் கட்டைகளையும் பையிலிருந்த இரண்டையும் சேர்த்து, ரேடியோவின் முகப்பு விளக்குக்கு ஒயர் கொடுத்தேன். மெயின் பிளக்கை என் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். பஞ்சாட்சரம் தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், கிழக்கே பார்த்துக் குமிழைத் திருப்பினார். பின்னால் குனிந்திருந்த நான் ஒயரைத் தொட்டேன். முகப்பு மஞ்சளாகப் பளிச்சென்று எரிந்தது. கூட்டம் கைதட்டியது.

"பாட்டு வர்லியே?" என்றார் ஒருவர்.

"டேஷன் ஆறரைக்குத்தான் தொறக்கும்."

"பெருநகர் டீக்கடையில இந்நேரம் பாடுமே?" என்றான் அந்தப் பாவி பெருமாள்.

"அது சிலோன் டேஷன்," என்றேன்.

பஞ்சாட்சரம் திருப்தியாகக் காபி குடிக்கப் போனார். நான் டார்ச் கட்டைகளைக் கழற்றிவிட்டுத் திரும்ப மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு முள் கிட்டத்தட்ட அடியில் நின்றது. இன்னும் அரை மணி இருந்தால் நன்றாக இருக்கும். இருந்தால்தானே. கண்டன்சரைத் திரும்ப ரேடியோவோடு ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். ஆறே கால். இருட்டிவிட்டது, வாசல் விளக்கைப் போட்டார்கள். பெருமாளை எட்டிப் போகச் சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிளக்கைச் செருகினேன். குவளையின் மேல் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான், சூடு இல்லை. வால்வுகள் சிவந்தன. கொஞ்சம் உறுமல். உறுமலுக்குள்ளிருந்து ஒரு ஆள் உரம் போடுவது எப்படி என்று பேசிக்கொண்டே வெளியே வந்தார். அந்த ஆளை நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஆறரை. சாலையில் காலனி முழுவதும், படிக்கு மேலே ஊர் முழுவதும். ரேடியோவை வாசற்படி மேல் மேசையில் தெருவைப் பார்க்க வைத்திருந்தோம். மெயின் ஒயர் தளர்வாக இருந்ததால் நான் பின்னால் சுவருக்கும் மேசைக்கும் நடுவே குந்தி அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் ஆரம்பித்தார். ஊரின் பெயரைச் சொன்னார். கூட்டம் ஓ என்றது. அப்புறம், கேளுங்கள் அநியாயத்தை, "பஞ்சாயத்துத் தலைவர் திரு. பஞ்சாட்சரம் அவர்களின் வயலில் ஒலிப்பதிவு செய்த நடவுப் பாடல்கள்" என்றார். நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. பாடினவள் பெயரைச் சொல்லவில்லை. நேராகப் பாட்டு வந்துவிட்டது.

என்ன குரல் தெரியுமா அது! இரும்புக் குவளையில் கல் விழுந்த மாதிரிக் கணீரென்று. பின்பாட்டுக்காரிகள் எடுக்க எடுக்க அவள் அடுத்த அடியை அதற்கு மேலே கொண்டுபோய் வைத்தாள். "ஏய், உங் கொரலுடி!" என்று அவளோடு நடவு நடும் செங்கேணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். மார்த்தாள் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் தெரிந்த என் முகத்தைத் தேடிப் பிடித்து, "பேரு வர்லீங்களே," என்றாள்.

"கடைசியில சொல்லுவாங்கம்மா," என்றேன். சொல்லுவார்களா மாட்டார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். பஞ்சாட்சரம் எழுந்தார்.

"ஊர் பேரும் வந்துடுச்சி, எம் பேரும் வந்துடுச்சி. போதும்பா, அணைச்சிடலாம். வீணா தேஞ்சிடப் போவுது. மந்திரி வர்ற வரைக்கும் சாமான் புதுசாவே கீணும்."

"ஐயா! ஒரு நிமிசம் இருங்க! இத்தினி நேரம் உங்களுக்கு இன்னாத்த சொன்னேன்!" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. சுவருக்கும் மேசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட என்னால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் ஒயர் கழன்றுவிடும். அவர் கை குமிழைப் பார்த்து நீண்டது.

மார்த்தாள் படி ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நேராக வந்து, சேறு கழுவாத கையை அந்தக் குமிழின் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

பஞ்சாட்சரத்தின் கை ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. குமிழைத் திருப்ப வேண்டுமென்றால் அவள் கையைத் தொட்டாக வேண்டும். காலனிக்காரர் மேல் பட்டால் தலை முழுகாமல் வீட்டுக்குள் போகாத மனிதர் அவர். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஏ, இந்தா, எட்றீ கைய," என்றார்.

அவள் எடுக்கவில்லை. வேறு யாராவது வந்து இழுப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தார். அவர்களுக்கும் அதே சங்கடம்தான், ஒருவரும் கிட்டே வரவில்லை. பாட்டு கடைசி அடியை இரண்டு தடவை பாடி முடிந்தது. கொஞ்ச நேரம் உறுமல் மட்டும் கேட்டது. நான் ஒயரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இதுவரை நடவுப் பாடல்கள் கேட்டீர்கள். பாடியவர்கள், திருமதி மார்த்தாளும் குழுவினரும்."

பஞ்சாட்சரம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"யாருய்யா அது மார்த்தாளு? நம்ம ஊர்லயா கீது?"

"நாந்தாங்க," என்றாள். குமிழிலிருந்து கையை எடுத்தாள். "இப்போ அணைச்சிக்குங்க."